சொன்ன நாளில் வராத பதில்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வேதனையைத்தான் வெவ்வேறு வீடுகளிலிருந்து சொல்லுகின்றன: ஜெபித்தோம், காத்திருந்தோம், ஒன்றும் நடக்கவில்லை, இனி எதைப் பிடித்துக்கொண்டு நம்புவது? ஆகவே வழக்கமாகப் பல பொருள்களைத் தொட்டுச் செல்லும் இந்தப் பகுதியை இம்முறை பொறுமையையும் நம்பிக்கையையும் பற்றிய கேள்விகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு, கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: திருமணமாகி ஒன்பது ஆண்டுகளாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் உபவாசக் கூட்டத்தில் என்னை முன்னே அழைத்து, "அடுத்த வருஷம் இதே நாளில் உன் கையில் ஆண் குழந்தை இருக்கும்" என்றார். சபையே ஆமென் சொன்னது. அந்த நாள் வந்துபோய்விட்டது. விசாரித்தபோது, "உங்கள் விசுவாசத்தில்தான் ஏதோ குறைவு" என்று சொல்லிவிட்டார்கள். நான் எதில் குறைவுபட்டேன்?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புச் சகோதரி, நீங்கள் எதிலும் குறைவுபடவில்லை. தம் வாயால் நாள் குறித்தவர், அது பொய்த்துப்போனபோது பழியை உங்கள் மடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேதம் இந்தக் காரியத்தில் நேர் எதிராகப் பேசுகிறது. கர்த்தரின் நாமத்தினாலே ஒருவன் சொன்னது நடவாமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அவன் அதைத் தன் துணிகரத்தினால் சொன்னான் என்று உபாகமம் 18-ஆம் அதிகாரம் தீர்த்துச் சொல்லுகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் விசுவாசத்தை அளந்துபார்க்கச் சொல்லி அங்கே ஒரு வரிகூட இல்லை.

எரேமியா 28-ஆம் அதிகாரத்தை ஒரு முறை நிதானமாக வாசியுங்கள். சிதேக்கியா ராஜாவின் நான்காம் வருஷத்தில், அதாவது கி.மு. 594 வாக்கில், அனனியா என்னும் தீர்க்கதரிசி தேவாலயத்தில் எல்லா ஜனங்களும் பார்க்க நின்று, இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கொண்டுபோன ஆலயப் பணிமுட்டுகளெல்லாம் திரும்பி வரும் என்று அறிவித்தான். எரேமியா முதலில் என்ன சொன்னான் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றான்! தன் ஜனம் மீளவேண்டும் என்ற ஆசை அவனுக்கும் இருந்தது. ஆனால் ஆசை வேறு, கர்த்தர் சொன்னது வேறு என்ற தெளிவும் அவனுக்கு இருந்ததால், சமாதானத்தைச் சொல்லுகிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவன் கர்த்தரால் அனுப்பப்பட்டவன் என்பது விளங்கும் என்று மட்டும் சொல்லி, பாபிலோனுக்குப் பணிவதன் அடையாளமாகத் தான் கழுத்தில் பூண்டிருந்த மர நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதுகூட ஒன்றும் பேசாமல் தன் வழியே போனான். இரண்டு வருஷத்தில் ஒன்றும் திரும்பி வரவில்லை. சில ஆண்டுகளில் எருசலேமே எரிந்தது.

இதற்கு அடுத்த அதிகாரத்தில்தான், நம் வீட்டுக் காலண்டர்களிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் அடிக்கடி காணும் அந்த வசனம் இருக்கிறது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய நிருபத்தின் நடுவில் வருகிற வரி அது. அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. அந்த நிருபத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் பாபிலோனிலேயே கண்மூடப்போகிறவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் கர்த்தர், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றார். கூட்டத்தில் கைதட்டு வாங்கும் செய்தி எது, நிறைவேறும் செய்தி எது என்பதை இந்த இரண்டு அதிகாரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

ஆகவே நீங்கள் இழந்தது ஒரு மனிதர் குறித்துக்கொடுத்த தேதியை. உங்கள் நம்பிக்கை அந்தத் தேதியோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டதால் அதுவும் கூடவே விழுந்ததுபோலத் தோன்றுகிறது. இரண்டையும் பிரித்தெடுக்கச் சில மாதங்கள் ஆகலாம்; அதற்காக உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆபிரகாம் தேசத்தைவிட்டுப் புறப்பட்டபோது எழுபத்தைந்து வயது, ஈசாக்கு பிறந்தபோது நூறு. நடுவில் இருந்த இருபத்தைந்து வருஷங்களும் அவன் அசையாமல் நின்றான் என்று யாராவது பிரசங்கித்தால் நம்பாதீர்கள். கானானில் பத்து வருஷம் கழிந்த பின்பு அவனும் சாராளும் ஆகார் மூலமாகக் காரியத்தைத் தாங்களே முடித்துக்கொள்ளப் பார்த்தார்கள், அந்த அவசரத்தின் துக்கத்தை எல்லாரையும்விட அதிகமாகச் சுமந்தவள் அந்த வேலைக்காரப் பெண். விசுவாசிகளின் தகப்பனுக்கே பொறுமை அப்படித் தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

உங்களுக்குக் குழந்தை பிறக்கும் என்று நான் எழுதமாட்டேன். பிறக்காது என்றும் எழுதமாட்டேன். பிள்ளைக்காகச் சீலோ ஆலயத்தில் அழுது ஜெபித்த அன்னாளின் உதடுகள் அசைவதைப் பார்த்து அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தவர் சாதாரண ஆள் அல்ல, ஆசாரியனாகிய ஏலி. ஊழியக்காரர்கள் ஒரு பெண்ணின் துக்கத்தைத் தவறாகக் கணிப்பது சீலோவிலேயே தொடங்கிவிட்டது. அவள், "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்று அவருக்கு நேராகவே பதில் சொன்னாள். நீங்களும் சொல்லலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அதையும் காதில் வாங்க வேண்டாம். போகும்போது கணவரும் கூட வந்து தம் பரிசோதனைகளையும் செய்துகொள்ளட்டும், ஏனென்றால் நம் ஊர்களில் மனைவியை மட்டும் ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிடவைத்த பிறகே கணவரைப் பரிசோதிக்கிற அநியாயம் இன்னும் நடக்கிறது. தத்தெடுக்கும் எண்ணம் இருவருக்கும் ஒருமனதாக எழுந்தால், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்படி கிறிஸ்தவத் தம்பதியரும் முழுமையான சட்டபூர்வப் பெற்றோராகலாம். எழாவிட்டால், அதை ஒரு ஆறுதல் பரிசுபோல உங்கள்மேல் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: பட்டப்படிப்பு முடித்து நான்கு ஆண்டுகளாகிறது. அரசு வேலை கிடைக்கும் என்று எனக்கு வசனத்தின் மூலம் உறுதி கிடைத்திருக்கிறது. ஆகவே வந்த தனியார் வேலைகளை மறுத்துவிட்டுக் கர்த்தருக்குக் காத்திருக்கிறேன். அப்பாவுக்கோ பொறுமையே இல்லை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், தென்காசி

தம்பி, கடிதத்தை முழுவதும் படித்தேன். தேர்வுக்கு எத்தனை மணிக்கு எழுந்து படிக்கிறீர்கள், சென்ற முறை குரூப் 4 தேர்வில் எந்தப் பகுதியில் மதிப்பெண் குறைந்தது என்று அதில் ஒரு வார்த்தைகூட இல்லாததால், புரியவைக்கவேண்டியது உங்கள் அப்பாவுக்குத்தானா என்ற சந்தேகம் எனக்கு வருகிறது.

பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்துகிடக்கிறது என்ற செய்தி அவன் காதில் விழுந்தது கிஸ்லேயு மாதத்தில்; ராஜாவின் முன் அவன் வாய்திறந்தது நிசான் மாதத்தில். நடுவே ஏறத்தாழ நான்கு மாதங்கள் உபவாசமும் ஜெபமும். ஆனால் ராஜா, "நீ கேட்கிற காரியம் என்ன" என்று வினவிய நொடியில் அவனிடமிருந்து வந்த பதிலைக் கவனியுங்கள்: எத்தனை நாள் ஆகும் என்று சொன்னான், நதிக்கு அப்புறத்திலிருக்கிற தேசாதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான், கோட்டை வாசலுக்கும் அலங்கத்துக்கும் மரம் வேண்டும் என்று வனத்துக் காவலாளனாகிய ஆசாப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டான். அந்த நான்கு மாதங்களில் அவன் ஜெபித்தது மட்டுமல்லாமல், எவ்வளவு மரம் வேண்டும், யாரிடம் கேட்கவேண்டும் என்பதையும் யோசித்து முடித்திருந்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது. இல்லாவிட்டால் ஒரு பானபாத்திரக்காரனுக்கு வனத்துறைக்காரரின் பெயர் எப்படி நாவில் நின்றது?

பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, காவற்சாலையில் அடைபட்டிருந்த எரேமியா ஆனதோத்தில் தன் பெரியப்பன் மகனுடைய நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து வாங்கினான்; சாட்சிகளை வைத்துப் பத்திரத்தில் கையெழுத்துப்போட்டு, முத்திரையிட்டு, அது அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான். எதிரி காலடியில் கிடக்கிற நிலத்துக்குக் கிரயம் கொடுப்பது உலகத்தின் பார்வையில் பைத்தியக்காரத்தனம். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னதை நம்பியவனுக்கு அது பத்திரப்பதிவு. நம்பிக்கை இருந்தால் அதற்குக் கையும் காலும் இருக்கும். தேர்வுக்கு ஒழுங்காகப் படித்துக்கொண்டே வருகிற தனியார் வேலையில் சேருங்கள். உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை மாதம் முதல் தேதியில் அப்பாவின் கையில் கொடுங்கள். தெசலோனிக்கேயில் கர்த்தரின் நாள் வந்துவிட்டதென்று கலங்கியிருந்த சபையில் வேலை செய்யாமல் திரிந்தவர்களைப் பவுல் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: என் கணவர் பக்கவாதம் வந்து மூன்று ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள், "யோபின் பொறுமையை நினைத்துக்கொள்ளுங்கள் அக்கா, முறுமுறுக்காதீர்கள்" என்கிறார்கள். ஆனால் இரவில் தனியாக இருக்கும்போது எனக்குக் கர்த்தர்மேல் கோபம் வருகிறது. இதை எழுதவே பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

அம்மா, உங்களுக்கு யோபை நினைப்பூட்டினவர்கள் யோபின் புத்தகத்தில் முதல் இரண்டு அதிகாரங்களோடு நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மூன்றாம் அதிகாரத்தில் அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதற்குப் பிறகு தேவனோடு வழக்காட வேண்டும் என்கிறான், எதிராளி தன் வழக்கை எழுதிக்கொடுக்கட்டும் என்கிறான், தேவன் தன்னைச் சத்துருவாக எண்ணுகிறார் என்கிறான். ஆறுதல் சொல்ல வந்த மூன்று சிநேகிதரும் மிகவும் பக்தியாக, தேவனுக்கு ஆதரவாகவே பேசினார்கள். கடைசியில் கர்த்தர் அந்தச் சிநேகிதரைப் பார்த்துத்தான், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கோபங்கொண்டார். யோபின் பொறுமையைக்குறித்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்களே என்று யாக்கோபு எழுதியபோது இந்த முழுப் புத்தகமும் அவர் முன்னால் இருந்தது. முகத்துக்கு நேரே சண்டைபோட்டும் தேவனை விட்டு வேறு வாசலுக்குப் போகாத மனிதனைத்தான் அவர் பொறுமைக்கு உதாரணமாக வைத்தார்.

சங்கீதம் 13 ஆறே வசனங்கள். அதில் முதல் இரண்டு வசனங்களுக்குள், "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்பது பணிவான வார்த்தை அல்ல; ஆனாலும் அது பாட்டுப் புத்தகத்தில் சேர்க்கப்பட்டு ஆராதனையில் பாடப்பட்டது. அந்தச் சங்கீதமாவது துதியில் முடிகிறது. சங்கீதம் 88 இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதையும் யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை. கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவரும் இந்தப் பாத்திரம் நீங்கவேண்டும் என்று ஒரு முறை அல்ல, மூன்று முறை கேட்டார். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்தபோது அவர்கள் கூடாரங்களுக்குள் உட்கார்ந்து தேவனைப்பற்றிப் பேசிக்கொண்டார்கள். நீங்கள் இரவில் அவரிடமே பேசுகிறீர்கள். அந்தக் கோபத்தை அடக்கி வைக்காமல் வாய்விட்டே சொல்லுங்கள். உங்களுக்கு வார்த்தை வராத நாளில் அந்த இரண்டு சங்கீதங்களையும் உங்கள் வார்த்தையாக வாசித்துவிட்டுப் படுங்கள்.

ஆனால் உங்கள் சோர்வு முழுவதும் ஆவிக்குரியது என்றும் நான் நினைக்கவில்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் ஒரு இரவும் முழுதாக உறங்கவில்லை. எலியா சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். யோபை நினைப்பூட்ட வருகிற அந்தச் சகோதரிகளிடம் தயங்காமல் கேளுங்கள்: வாரத்தில் இரண்டு இரவுகள் முறைவைத்து வந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்க முடியுமா என்று. பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்கு இதைவிட நல்ல வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நீங்களே கேட்கக் கூச்சமாக இருந்தால், இந்தப் பக்கத்தை உங்கள் போதகரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். "பொறுமையாய்ச் சகித்துக்கொள், உன் நடக்கையினால் அவர் ஆதாயமாக்கப்படுவார்" என்று சபையில் மூத்தவர்கள் சொல்லுகிறார்கள். வீட்டை விட்டுப் போனால் நான் நம்பிக்கை இழந்தவளாகிவிடுவேனா?
– வாசகி, வேலூர் மாவட்டம்

இல்லை, மகளே. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது என்ன செய்தான்? விலகிக்கொண்டான். மறுபடியும் எறிந்தபோது அன்று இரவே தப்பி ஓடினான். பிறகு கெபியில் சவுல் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைத்தபோது அவன்மேல் கைபோடாமல் விட்டவனும் அதே தாவீதுதான். பழிவாங்காதிருப்பதும் கர்த்தர் நியாயஞ்செய்வார் என்று காத்திருப்பதும் பொறுமை. சுவரோடு சேர்த்துக் குத்தப்படும்வரை நின்றுகொண்டிருப்பதை வேதம் எங்கும் கேட்கவில்லை. தமஸ்குவில் பவுல் கூடையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக இறக்கப்பட்டுத் தப்பினார், எருசலேமில் அடிக்கக் கட்டியபோது தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லி அடியைத் தடுத்தார்.

இன்றைக்கே 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவும் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கோரலாம். அதற்கு உதவப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கோ நம்பகமான வேறு இடத்துக்கோ போன பிறகும் அவருடைய மீட்புக்காக ஜெபிக்கலாம், குடிநோய் மீட்பு மையத்தில் அவரைச் சேர்க்க உறவினர் மூலம் முயலலாம். மூத்தவர்களுக்கு ஒன்று: அந்த வசனத்தை எழுதிய பேதுருவே, அதே அதிகாரத்தில், மனைவிக்குரிய கனத்தைச் செய்யாத புருஷனின் ஜெபம் தடைப்படும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த வசனத்தோடு முதலில் கணவரைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் முதல் பரிசு வாங்கிய என் மகன், பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு கடவுளே இல்லை என்று வாதம் செய்கிறான். தினமும் வாட்ஸ்அப்பில் வசனமும் பிரசங்க வீடியோவும் அனுப்புகிறேன். இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை. இன்னும் எவ்வளவு காலம் அழுவது?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

அம்மா, இந்தப் பாதையில் உங்களுக்கு முன் நடந்த ஒரு தாயின் கதையை அவருடைய மகனே எழுதிவைத்திருக்கிறார். வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 354-இல் பிறந்த அகஸ்டின், படிப்பதற்காகக் கார்த்தேஜுக்குப் போன இடத்தில் மானிகேயர் என்ற மார்க்கத்தாரோடு சேர்ந்துகொண்டார். வாதத்தில் அவரை வெல்ல யாராலும் முடியவில்லை. தாய் மோனிக்கா, ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்து வெளியேறிய ஒரு பேராயரிடம் போய், என் மகனோடு பேசுங்கள் என்று மன்றாடினார். அவர் மறுத்துவிட்டார். "இப்போது அவன் கேட்கமாட்டான், விட்டுவிடு, அவனுக்காகக் கர்த்தரிடம் ஜெபித்துக்கொண்டிரு, வாசித்து வாசித்துத் தானே கண்டுகொள்வான்" என்பதுதான் அவருடைய ஆலோசனை. அந்தத் தாய் விடாமல் அழுதுகொண்டே நின்றபோது, அந்தப் பேராயருக்கே சற்று எரிச்சல் வந்து, "போய் வா, இத்தனை கண்ணீரின் மகன் கெட்டுப்போவது கூடாத காரியம்" என்று சொல்லி அனுப்பினாராம். எரிச்சலில் சொன்ன அந்த வார்த்தையைத்தான் மோனிக்கா வானத்திலிருந்து வந்த குரலாகப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் 383-இல் அகஸ்டின் ரோமுக்குக் கப்பலேற முடிவுசெய்தார். போகக் கூடாது என்று தாய் கடற்கரைவரை தொடர்ந்து வந்தார். மகன் ஒரு பொய்யைச் சொல்லி, அன்றிரவு அவர் துறைமுகத்துக்கு அருகில் இருந்த இரத்தசாட்சி சிப்பிரியானின் நினைவாலயத்தில் தங்கி அழுது ஜெபித்துக்கொண்டிருந்தபோது, கப்பலேறிப் போய்விட்டார். மகன் போகக் கூடாது என்ற அந்த இரவின் ஜெபத்துக்குப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கப்பல்தான் அவரை இத்தாலிக்குக் கொண்டுபோனது. அங்கே மிலானில் சபைத் தலைவராயிருந்த அம்புரோஸின் பிரசங்கத்தைக் கேட்டார். 386-இல் ஒரு தோட்டத்தில் ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசித்து மனந்திரும்பினார். 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். தாய் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே அன்று கேட்டதைத் தேவன் மறுத்தார் என்று அகஸ்டின் பிற்காலத்தில் தேவனிடமே எழுதினார். மோனிக்கா அதே ஆண்டில் ஒஸ்தியா துறைமுகத்தில் தம் ஐம்பத்தாறாவது வயதில் இறந்தார். இதை எழுதுவதால் எல்லாத் தாய்மாருக்கும் கதை இப்படித்தான் முடியும் என்று நான் வாக்குக்கொடுக்கவில்லை. பேராயர் கொடுத்த ஆலோசனையைப் பின்பற்றுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வீடியோக்களை இன்றோடு நிறுத்துங்கள். சாப்பிட்டாயா, அறைத் தோழனுக்குக் காய்ச்சல் என்றாயே குணமாயிற்றா என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் பிரசங்கங்களை ஜெபமாக மாற்றிக் கர்த்தருக்கு அனுப்புங்கள். அவர் அழைப்பை எடுக்காமல் இருப்பதில்லை.

கேள்வி: ஆண்டவர் சீக்கிரம் வருகிறார் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இல்லையா?
– கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி

தேதி குறித்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஐ வருகையின் நாளென்று எதிர்பார்த்து ஏமாந்தார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் குறித்தவர்கள் பலர். உங்கள் கேள்வியை முதல் நூற்றாண்டிலேயே பரியாசக்காரர் கேட்டுவிட்டார்கள், பேதுருவின் இரண்டாம் நிருபம் 3-ஆம் அதிகாரத்தில் பதிலும் இருக்கிறது: தாமதம்போலத் தெரிவது தேவனுடைய நீடிய பொறுமை, ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்பது அவர் விருப்பம். நாம் அவருக்காகக் காத்திருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம். பேதுருவின் கணக்கில் காத்திருக்கிறவர் அவர்.

கேள்வி: வாலிப வயதிலிருந்து ஒரே கிராமத்தில் ஊழியம் செய்து ஓய்வுபெற்றுவிட்டேன். விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான் இன்றும் ஆலயத்துக்கு வருகின்றன. வீணாய் உழைத்தேனோ என்ற எண்ணம் வாட்டுகிறது.
– ஓய்வுபெற்ற உபதேசியார், மயிலாடுதுறை மாவட்டம்

ஐயா, உங்கள் மாவட்டத்தில்தான் தரங்கம்பாடி இருக்கிறது. 1706 ஜூலையில் அங்கே இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, டேனிஷ் கோட்டை அதிகாரியின் பகையால் நான்கு மாதம் சிறையிருந்தார். 1711-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து முடித்தார். அது 1714, 1715 ஆண்டுகளில் அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத்வரை வந்தபோது, 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் இறந்தார். சாமுவேல் தொடங்கி மல்கியாவரை எல்லாம் மீதி. அவருக்குப் பின் வந்த பெஞ்சமின் சூல்ச் 1728-இல் அந்த வேலையை நிறைவேற்றினார். நாம் இந்தப் பக்கத்தில் சங்கீதத்தையும் எரேமியாவையும் எடுத்துப் பேசுகிறோமே, அவற்றைத் தமிழில் பெயர்க்க அவருக்கு நாள் கிடைக்கவில்லை. எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையவில்லை என்று முடிக்கிறது. அந்தச் சில குடும்பங்களின் பெயர்களை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எங்கள் ஜெபக்குழுவில் சேர்த்துக்கொள்கிறோம்.

கேள்வி: அப்பாவின் நிலம் தொடர்பாக அண்ணன் போட்ட வழக்கு பதினொரு ஆண்டுகளாக நடக்கிறது. தீர்ப்பு எங்கள் பக்கம் வரவேண்டும் என்று விடாமல் ஜெபித்துவருகிறேன். ஒரே விண்ணப்பத்தை எவ்வளவு காலம் ஜெபிப்பது? எப்போதாவது நிறுத்தலாமா?
– வாசகர், திண்டுக்கல்

சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபம்பண்ணவேண்டும் என்பதற்கு ஆண்டவர் சொன்ன உவமையே ஒரு நீதிமன்ற வழக்குதான். லூக்கா 18-இல் வரும் விதவை அநீதியுள்ள நியாயாதிபதியை ஓயாமல் தொந்தரவு செய்து நியாயம் பெற்றாள். ஆனால் பவுலின் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக அவர் வேண்டிக்கொண்டது மூன்றுதரம். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்ததும் அந்த விண்ணப்பத்தை அவர் அதோடு விட்டு, பலவீனத்தைக்குறித்து மேன்மைபாராட்டத் தொடங்கினார். பதில் வரும்வரை கேட்கலாம். வந்த பதில் வேறாக இருந்தால் அதையும் பதிலென்று ஏற்றுக்கொள்ளலாம்.

உங்கள் காரியத்தில் விண்ணப்பமே சற்று மாறவேண்டுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. விதவை தன் எதிராளிக்கு எதிராக நியாயம் கேட்டாள். உங்கள் எதிராளி ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர். வழியில் இருக்கும்போதே எதிராளியோடு சீக்கிரமாய் நல்மனம் பொருந்து என்று மத்தேயு 5-இல் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட சொத்து வழக்குகளை இரு தரப்பும் சம்மதித்தால் லோக் அதாலத்துக்கு அனுப்பலாம். அங்கே சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் வழக்கு அடுத்த தலைமுறைக்குப் போகாது. அடுத்த வாய்தாவுக்கு முன் உங்கள் வழக்கறிஞரிடம் இதைப் பேசுங்கள். அண்ணனுக்கு நோட்டீஸ் மூலம் தெரிவிக்காமல், நீங்களே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். முதல் முறை கதவைத் திறக்காவிட்டால் மறுபடியும் போங்கள்.